வரட்டும், வரட்டும்

இருபத்தாறாம் நம்பர் மைக்கை விடுற மாதிரி தெரியல. என் கையில இருக்கிற டோக்கன் முப்பத்தொண்ணு. நடுவுல நாலே பேர். இந்தக் கருத்துக் கேட்புக் கூட்டத்துல ஆளுக்கு மூணு நிமிஷம்னு மேடையில உட்கார்ந்திருக்கிற மாநகராட்சி மேடம் காலையிலேயே சொல்லிட்டாங்க, ஆனா ஒருத்தரும் மூணு நிமிஷத்துல முடிக்கல, எல்லாரும் அவங்கவங்க அப்பா கடை ஆரம்பிச்ச கதையிலிருந்து தொடங்குறாங்க. நல்லதுதான். இழுங்க. இன்னும் இழுங்க. என் முறை வந்தா சட்டைப் பையில நாலா மடிச்சு வச்சிருக்கிற பேப்பரைப் பிரிச்சு மூணு வரி வாசிக்கணும். கடை மேனேஜர் கோமதிநாயகம் சார் டைப் பண்ணிக் குடுத்தது. முதல் வரி, என் பெயர் இசக்கிராஜா, வயது பதினெட்டு, மணிக்கூண்டுத் தெரு ஜவுளிக்கடையில் கார் நிறுத்துமிடத்தில் வேலை பார்த்தேன். சரி. ரெண்டாவது, ஆறு மாதமாகத் தெருவுக்குள் கார் வரக்கூடாது என்று தடை போட்டதால் ஏழு பேருக்கு அந்த வேலை இல்லாமல் போனது, தடையை நிரந்தரமாக்கக் கூடாது. அதுவும் பொய் இல்ல. மூணாவது வரி, சென்ற மே மாதம் நடந்த விபத்துக்குக் காரணம் கார் அல்ல, குழந்தையைக் கவனிக்காமல் விட்ட தகப்பனாரின் அலட்சியமே, இதை நான் நேரில் பார்த்தேன். "பாத்தவன்னு சொல்ல நீ ஒருத்தன்தாம்ல இருக்க"ன்னார் சார். "ஊருக்குள்ள கார் கூடாதுன்னு இவனுவ ஆரம்பிச்சதே அந்தப் பிள்ளையைச் சொல்லித்தான். அந்த ஆணியைப் பிடுங்கிட்டா எல்லாம் சரிஞ்சு விழுந்துரும். நீ வாசிச்சா எடுபடும்." நான் தலையை ஆட்டினேன். தலையை ஆட்டுறதுக்கு என்ன, அது கழுத்துக்கு மேலதானே இருக்கு. இப்ப அந்தத் தகப்பனார் எனக்கு ரெண்டு வரிசை முன்னால உட்கார்ந்திருக்கார். செபஸ்தி அண்ணன். காலர்ல ஒரு நீல நூல் ஒட்டிக்கிட்டிருக்கு. எழுந்து போய் அதை எடுத்து விடணும் போல இருக்கு. அவர் கையில முப்பதாம் நம்பர். எனக்கு முந்தின ஆள் அவர்தான். என் தலைக்கு நேர் மேல ஏசி. தை மாசத்துல யாராவது ஏசி போடுவாங்களா, இந்தச் சமுதாயக்கூடத்துல போட்டிருக்காங்க, அந்தக் குளிர் காத்து நேரா நெத்தியில விழுது, நான் கையை வச்சு நெத்தியை மறைச்சுக்கிறேன். இடம் மாறலாம்னா வேற நாற்காலி இல்ல. முகத்துல குளிர் காத்து பட்டா எனக்கு எட்டு மாசமா இப்படித்தான். பஸ்ல ஜன்னல் சீட்டுல உட்கார மாட்டேன். எங்கம்மா ஃபிரிட்ஜைத் திறந்தா அந்தப் பக்கம் திரும்பிக்குவேன். அம்மா அதை வேற என்னமோன்னு நினைச்சு முத்தாரம்மன் கோயில்ல கயிறு மந்திரிச்சுக் கட்டி விட்டா.

இருபத்தாறு ஆட்டோ சங்கத்துக்காரர். "எம்மா, எனக்கு ஒரே ஒரு சந்தேகம். காருக்குத்தான தடை? ஆட்டோ காரா? காருக்கு நாலு சக்கரம். ஆட்டோவுக்கு மூணு. இது கூடவா எண்ணத் தெரியாது?"ன்னு கேட்டதும் கூடம் முழுக்கச் சிரிப்பு. மேடமும் சிரிச்சுட்டாங்க. பின்னாலேருந்து ஒருத்தர், "அப்ப எம் பையன் நடைவண்டிக்கும் மூணு சக்கரந்தான், அவனுக்கு லைசென்ஸ் குடுங்க"ங்கிறார். நானும் சிரிச்சேன். சிரிச்சுட்டு உடனே நிறுத்திட்டேன், செபஸ்தி அண்ணன் தோள் அசையவே இல்ல. இருபத்தேழு ஒரு காலேஜ் பையன், தலையில சைக்கிள் ஹெல்மெட்டோடயே வந்திருக்கான், வெளிநாட்டுல எந்தெந்த ஊர்ல எல்லாம் கடைத்தெருவுல கார் கிடையாதுன்னு பட்டியல் வாசிக்கிறான். "அந்த ஊர்ல வெயில் உண்டாடே?"ன்னு பாத்திரக்கடைக்காரர் சத்தம் குடுக்கிறார். "அங்க எல்லாம் ஐஸ் கொட்டும். நடந்தா சுகமா இருக்கும். நீ மத்தியானம் ரெண்டு மணிக்கு மணிக்கூண்டுத் தெருவுல செருப்பு இல்லாம நடந்து காட்டு, நான் என் காரை வித்துடுதேன்." கை தட்டுறாங்க. வெயில். யாரு வெயிலைப் பத்திப் பேசச் சொன்னது. டோக்கனைத் திருப்பித் திருப்பிப் பாக்கிறேன். பள்ளிக்கூடத்துலயும் இப்படித்தான் இருக்கும், ஒவ்வொரு பெஞ்சா எழுப்பிக் கேள்வி கேட்டுக்கிட்டு வருவார் கணக்கு வாத்தியார், எனக்கு முன்னால எத்தனை தலைன்னு எண்ணிக்கிட்டே இருப்பேன், எண்ணுற கணக்கு மட்டும் சரியா வரும். பன்னெண்டாம் வகுப்புப் பாதியில ஒருநாள் எனக்கு முன்னால ரெண்டு தலை இருக்கும்போது எழுந்து வெளியே நடந்தேன். சைக்கிளை எடுத்தேன். திரும்பிப் போகல. அவ்வளவுதான் என் படிப்பு நின்ன கதை. வறுமை, அது இதுன்னு எல்லாம் ஒண்ணும் இல்ல, கேட்கிறவங்களுக்குத்தான் அப்படி ஒரு காரணம் வேணும். இப்பவும் கதவு பக்கத்துலதான் இருக்கு. எழுந்து போயிரலாம். ஆனா இங்க வாத்தியார் யாரும் என்னைப் பிடிச்சு வைக்கல. அந்த நீல நூல்தான் பிடிச்சு வச்சிருக்கு.

ஜவுளிக்கடையில என்னைச் சேர்த்தப்ப பேச்சியக்காகிட்டதான் விட்டாங்க. பேச்சித்தாய்னு முழுப்பேர். முப்பது முப்பத்திரண்டு வயசு இருக்கும், ஆம்பளைச் சட்டை, கழுத்துல விசில், வாயில எப்பவும் பாக்கு. தெருவுல ரெண்டு பக்கமும் கார் நிக்கும், அதுக்கு நடுவுல இன்னொரு காரை உள்ள தள்ளி விடுறது, வெளிய எடுத்து விடுறது, இதுதான் எங்க வேலை. பாக்கிறவங்களுக்கு இது ஒரு வேலையாவே தெரியாது. ரிவர்ஸ் எடுக்கிறவர் கழுத்தைத் திருப்ப மாட்டார், கண்ணாடியையும் பாக்க மாட்டார், நம்ம வாயைத்தான் நம்புவார். வரட்டும், வரட்டும், வரட்டும், லேசா ஒடிச்சுக்கோங்க, வரட்டும், போதும். போதும்னு சொல்லும்போது பின்னால ஒரு தட்டு தட்டணும். அந்தத் தட்டு கேட்டா எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும் பிரேக்ல கால் போயிரும். எனக்கு அது ரொம்பப் பிடிச்சிருந்தது. உண்மையைச் சொன்னா, வாழ்க்கையில முதல் தடவையா நான் சொன்னதைப் பெரிய மனுஷங்க கேட்டாங்க. டாக்டருங்க, வக்கீலுங்க, என் ஹெட்மாஸ்டரே ஒருநாள் வந்தார், அவரையும் வரட்டும் வரட்டும்னு சொல்லிச் சுவரை உரசாம நிறுத்த வச்சேன். முதல் நாள் நான் காருக்கு முன்னால நின்னு ரெண்டு கையையும் ஆட்டிக்கிட்டிருந்தேன். பேச்சியக்கா வந்து பிடரியில ஒண்ணு போட்டா. "ஏல, மூஞ்சிக்கு முன்னால நின்னு என்னல ஆரத்தி எடுக்க? பின்னால போ. பின்னால போய் நின்னு பாத்துட்டு, அதுக்கப்புறம் வரட்டும்னு சொல்லு." சரிக்கான்னேன். "சரிக்காவாம். சொன்னதைத் திருப்பிச் சொல்லு." திருப்பிச் சொன்னேன். சுத்தி நின்ன பசங்க சிரிச்சாங்க. ஒரு வருஷம் அப்படித்தான் செஞ்சேன். ஒரு வருஷத்துல எத்தனை கார். எல்லாத்துக்கும் பின்னால போய் நின்னேன், பாத்தேன், பின்னால ஒண்ணுமே இருந்ததில்ல. எப்பப் பாத்தாலும் வெறும் தார் ரோடு. ஒண்ணும் இல்லாததையே ஒரு வருஷம் பாத்தா, பாக்கிறதே வீண்னு தோணும். தோணுச்சு. அதுல என்ன மறைக்க இருக்கு.

இருபத்தெட்டாம் நம்பர் ரிட்டயர்டு டீச்சரம்மா. "முட்டி ரெண்டும் போச்சு எனக்கு. மணிக்கூண்டுல இறக்கி விட்டா கடைக்கு அரைக் கிலோமீட்டர். அரைக் கிலோமீட்டர் உங்களுக்குச் சின்னது, எனக்கு அது காசி யாத்திரை"ங்கிறாங்க. பக்கத்துல இருந்த ஒரு அக்கா நம்பர் வர்றதுக்கு முன்னாலயே எழுந்து, "பேட்டரி வண்டி விடுதாங்கல்லா டீச்சர், அதுல வாங்க. எம் பிள்ளைங்க இப்பத்தான் அந்தத் தெருவுல கையை விட்டு நடக்கு. இத்தனை வருஷம் மணிக்கட்டு சிவக்கச் சிவக்கப் பிடிச்சுக்கிட்டே நடந்தேன்"ங்கிறா. ரெண்டும் நிஜம். இந்தக் கூடத்துல பேசின எல்லாம் நிஜம், அதுதான் எரிச்சல். கார் போனதுக்கு அப்புறம் தெரு எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியும், நான் இப்ப அதே தெருவுல அந்தப் பேட்டரி வண்டிக்கு மூட்டை ஏத்தி விடுறவன். சாயங்காலம் பசங்க ஷட்டில் விளையாடுறாங்க. கால் இல்லாத ஒருத்தர் மூணு சக்கர வண்டியைக் கையால சுத்திக்கிட்டு நட்ட நடுரோட்டுல ராஜா மாதிரி போறார். அப்பளக்கடை வெறிச்சுக் கிடக்கு, பழக்கடையில கூட்டம். நல்லா இருக்கு தெரு. எனக்குப் பிடிச்சிருக்கு. பிடிச்சிருக்குன்னு யார்கிட்டயும் சொன்னதில்ல, ஏன்னா இந்த நல்ல தெரு எதுல இருந்து வந்ததுன்னு எனக்குத்தான் தெரியும். கார் வேணுங்கிறவங்க தப்பு டிரைவர் மேலங்கிறாங்க, தகப்பன் மேலங்கிறாங்க. வேண்டாங்கிறவங்க தப்பு கார் மேலங்கிறாங்க, ரோட்டு மேலங்கிறாங்க, ஊரு மேலயே போடுறாங்க. ஆறு மாசமா ஊர் முழுக்கச் சண்டை, பேப்பர்ல, டீக்கடையில, கல்யாண வீட்டுப் பந்தியில. ஒரு ஆளும், ஒரே ஒரு ஆளும், என் மேலன்னு சொல்லல.

ஜெமி செபஸ்தி அண்ணன் மக. ஜெமிமா. ஏழு வயசு. அண்ணன் எங்க கடை ஓரத்துல தையல் மிஷின் போட்டு ஆல்ட்டரேஷன் பண்ணுவார், கடையில வாங்கின பேண்ட்டை அங்கயே அடி மடிச்சுத் தச்சு வாங்கிக்கிட்டுப் போவாங்க. பள்ளிக்கூடம் லீவு விட்டா அவ மிஷினுக்கு அடியிலதான் கிடப்பா. கீழ விழுற ஊசி, பட்டன் எல்லாம் பொறுக்கி ஒரு டப்பாவுல போடுறது அவ வேலை. அவளா ஏத்துக்கிட்டது. என்னை விசில் அண்ணான்னு கூப்பிடுவா. "விசில் அண்ணா, உங்க விசிலை ஒரே ஒரு தடவை." குடுத்ததில்ல. எச்சில் ஆயிரும் போடின்னேன். அது ஒண்ணு. ராத்திரி பகல்னு இல்லாம அது ஒண்ணு வந்து நிக்கும், ஊதக் குடுத்திருக்கலாம், ஒரு தடவை ஊதினா விசில் என்ன தேஞ்சா போயிருக்கும். அன்னைக்கு மத்தியானம் ஒண்ணேகால் மணி. கத்திரி வெயில். தார் இளகி செருப்புல ஒட்டுது. ஒரு வெள்ளைக் கார், பழசு, பின்னால கேமரா கிடையாது, பீப் சத்தம் கிடையாது, அதை ஓட்டிக்கிட்டு வந்தவர் ஒரு பேங்க் ரிட்டயர்டு, தனுஷ்கோடி சார்னு பிறகு பேப்பர்ல பேர் பாத்தேன். மக கல்யாணத்துக்குச் சேலை எடுத்துட்டுப் போறார். சேலைப் பை எல்லாத்தையும் நான்தான் பின் சீட்டுல ஏத்தினேன். அவர் முன்னால உட்கார்ந்து ஏசியைப் போட்டுட்டு, "எடுக்கலாமா தம்பி?"ன்னு கேட்க கண்ணாடியை இறக்கினார். உள்ளேருந்து குளிர் காத்து வந்து என் மூஞ்சியில விழுந்தது. காலையிலேருந்து வெயில்ல நின்னவனுக்கு அது எப்படி இருந்திருக்கும். காரோட முன்பக்கம் கடை போர்டு நிழல். பின்பக்கம் வெயில். நான் நிழல்ல நின்னு, ஜன்னல்ல கையை ஊனி, முகத்தை உள்ள நீட்டினாப்புல வச்சுக்கிட்டு, கண்ணைக்கூட மூடியிருந்தேன்னு நினைக்கிறேன், வரட்டும்னேன். வரட்டும், வரட்டும். கார் நகர நகர நானும் ஜன்னலோடயே நடந்தேன், அந்தக் காத்து போயிரக் கூடாதேன்னு. வரட்டும். அப்ப ஒரு சத்தம் கேட்டது. சின்னச் சத்தம். யாரோ பின்னால ஒரு தட்டு தட்டின மாதிரி. தனுஷ்கோடி சார் பிரேக் போட்டார். போதும்னு நான்தான் கையை நீட்டித் தட்டினேன்னு நினைச்சிருப்பார்.

அதுக்கு மேல நினைக்க மாட்டேன். நினைச்சா அந்த டப்பா மூடி மட்டும் வரும், அது உருண்டு போய்க் கடைப் படியில மோதி நின்னது. பிறகு கூட்டம். தனுஷ்கோடி சாரை இழுத்துப் போட்டு அடிச்சாங்க, மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம், அவர் அடியை வாங்கிக்கிட்டே கையை நீட்டி, "அந்தத் தம்பி வரட்டும்னு சொன்னாரேய்யா, அந்தத் தம்பிகிட்ட கேளுங்க"ன்னார். எல்லாரும் என்னைப் பாத்தாங்க. ஒரு வினாடி. அந்த ஒரு வினாடி எவ்வளவு நீளம்னா, எட்டு மாசமா அதுக்குள்ளயேதான் இருக்கேன். "நான் எங்க சொன்னேன்? பாத்து வரக் கூடாதாய்யா?"ன்னேன். என் வாயிலிருந்துதான் வந்தது. இன்னும் ரெண்டு அடி அவருக்குச் சேத்து விழுந்தது. கடை கேமரா படியைத்தான் பாக்கும், ரோட்டைப் பாக்காது. செபஸ்தி அண்ணன் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ஓடினார், கழுத்துல இஞ்ச் டேப் தொங்கிக்கிட்டே ஓடினார். கொஞ்ச நேரத்துல பேச்சியக்கா வந்தா. வாயில பாக்கு இல்ல. "நீ எங்கல நின்ன?"ன்னு கேட்டா. "பின்னாலதாங்க்கா." அவ கிட்ட வந்து நின்னா. என் கன்னத்தைப் பாத்தா. ரோடு முழுக்க வெந்து கிடக்கு, எல்லார் மூஞ்சியும் சிவந்து வழியுது, என் மூஞ்சி மட்டும் காஞ்சிருந்ததோ என்னமோ. தடை வந்து எங்க வேலை போனப்ப அவ விசிலைக் கழட்டி மேஜையில வச்சுட்டு வேற ஊருக்குப் போயிட்டா. என்கிட்ட சொல்லிக்கல. தனுஷ்கோடி சார் மக கல்யாணம் நின்னு போச்சுன்னு ஒருத்தர் சொன்னார், இல்ல தள்ளித்தான் வச்சாங்கன்னு இன்னொருத்தர் சொன்னார். கேஸ் நடக்கு. கோர்ட்டுல அவர் இன்னும் அதையேதான் சொல்றாராம், தம்பி வரட்டும்னு சொன்னார்னு. எல்லாரும் மாட்டிக்கிட்டா அப்படித்தான் சொல்லுவாங்கன்னு ஊர் சொல்லுது.

இருபத்தொன்பது பாத்திரக்கடைக்காரர். அவர் கோபமா ஆரம்பிச்சார், பாவம், அவர் கடை நிஜமாவே படுத்துப் போச்சு. பேசப் பேசக் குரல் ஏறி, "ஒரு பிள்ளை செத்துச்சுங்கிறதுக்காக ஊரையே அடைப்பீங்களா?"ன்னு கேட்டுட்டார். கேட்டதுக்கு அப்புறம்தான் அவருக்கே தெரிஞ்சது யார் உட்கார்ந்திருக்காங்கன்னு. மைக்கைக் கீழ வைக்கத் தெரியாம ரெண்டு கையிலயும் பிடிச்சுக்கிட்டு நின்னார். "செபஸ்தி, நான் அப்படிச் சொல்ல வரலய்யா." அண்ணன், "பரவால்ல அண்ணாச்சி"ன்னார். எழுந்தார். அவர் முறைதான். நேத்து டீக்கடையில என்னைப் பாத்து, "நாளைக்கு நீயும் பேசுதியாமே. பாத்தவன் நீ. கடைக்காரன் எழுதிக் குடுத்ததை விடு, உள்ளதைச் சொல்லு"ன்னு என் தோள்ல கை வச்சார். தையல்காரர் கை லேசாத்தான் இருக்கும், ஆனா இன்னும் தோள்ல இருக்கு. அவர் எதுக்கு வந்திருக்கார்னு எல்லாருக்கும் தெரியும், கார் கூடாதுன்னு சொல்ல. ஹெல்மெட் பையன் போனைத் தூக்கிப் படம் பிடிக்கத் தயாராயிட்டான். மேனேஜர் சார் பின்னாலேருந்து என்னைப் பாத்துக் கண்ணைக் காட்டுறார், அடுத்து நீதான். செபஸ்தி அண்ணன் மைக்கைத் தொடல. தள்ளியே நின்னார். "எனக்குக் கார் வந்தாலும் ஒண்ணுதான், வராட்டாலும் ஒண்ணுதாங்கம்மா"ன்னார். "எல்லாரும் எம் பிள்ளை பேரைச் சொல்லித்தான் பேசுதீங்க, அதனால சொல்லிட்டுப் போறேன். அன்னைக்கு ஒரு சட்டைக்குப் பட்டன் வைக்கும்போது பட்டன் உருண்டு போச்சு. நான்தான், ஓடிப் போய் எடுத்துட்டு வாம்மான்னேன். மிஷின்லேருந்து தலையைத் தூக்காமலே சொன்னேன். ஒரு பட்டன். டப்பாவுல அதே மாதிரி முந்நூறு இருந்தது. யாரையும் ஒண்ணும் சொல்லாதீங்க. டிரைவரையும் விட்டுருங்க. அனுப்பினது நான்." அவ்வளவுதான் பேசினார். ஒரு நிமிஷம்கூட ஆகல. யாரும் கை தட்டல. அந்தப் பாத்திரக்கடைக்காரர்தான் அழுதார்.

முப்பத்தொண்ணுன்னு கூப்பிடுறாங்க. முப்பத்தொண்ணு, இசக்கிராஜா. என் பேர் மைக்ல கேட்டா வேற யாரோ மாதிரி இருக்கு. எழுந்துட்டேன் போல, நாற்காலி பின்னால சாஞ்சு விழுது. திரும்பி வர்ற அண்ணன் நடுவழியில என் கையைப் பிடிச்சு ஒரு அழுத்து அழுத்திட்டுப் போறார், தைரியமாப் பேசுங்கிற மாதிரி. அவர் காலர்ல அந்த நீல நூல் இன்னும் இருக்கு. மூணாவது வரியும் அவர் சொன்னதும் ஒண்ணேதான், அப்பன்தான் காரணம், இப்ப நான் வாசிச்சாலும் யாருக்கும் உறுத்தாது, அவரே ஒத்துக்கிட்டார், மேனேஜர் சாருக்குச் சந்தோஷம், எனக்கும் ஒண்ணும் ஆகாது, அண்ணன் மட்டும் சாகுற வரை அந்தப் பட்டனைப் பாத்துக்கிட்டே இருப்பார். ஒரு பிள்ளையைப் பட்டன் எடுக்க அனுப்புறது ஒரு குத்தமா. எந்த ஊர்ல அது குத்தம். மைக் என் உயரத்துக்கு இல்ல, குனியணும். இங்கயும் ஒரு ஏசி, நேரா மூஞ்சிக்கு. கண்ணை மூடக் கூடாது. மூடல. பேப்பரைப் பிரிச்சா எழுத்து எல்லாம் ஓடுது. "சொல்லுங்க தம்பி"ங்கிறாங்க மேடம். "தெருவுல கார் வரட்டுமா, வேண்டாமா?" அந்தச் சொல்லை அவங்க சும்மாதான் சொன்னாங்க. நான் பேப்பரை மடிச்சேன். "பேச்சியக்கான்னு ஒருத்தங்க"ன்னேன். "சத்தமாப் பேசுல!"ன்னு பின்னாலேருந்து ஒரு குரல். கோமதிநாயகம் சார் எழுந்து நிக்கிறார். செபஸ்தி அண்ணன் தலையைத் தூக்கி என்னையே பாக்கிறார், மிஷின்லேருந்து தலையைத் தூக்கினாப்புல. "எங்க கடையில கார் நிறுத்துற இடத்துல இருந்தாங்க. அவங்க என்கிட்ட முதல் நாளே சொன்னாங்க, பின்னால போய் நின்னு பாத்துட்டு, அதுக்கப்புறம் வரட்டும்னு சொல்லுன்னு. திருப்பிச் சொல்லக்கூட வச்சாங்க. அன்னைக்குப் பின்னால வெயிலா இருந்தது. நான் போகல."